வெயில் மட்டுமே அறிந்தவர்களா நாங்கள்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இணைப்பில் வெளிநாட்டில் வளர்ந்த ஒருவர் எழுதிய பனிக்காலப் பள்ளி நினைவுகளை ஆர்வத்துடன்தான் படித்தேன். அவர் கண்டதை எழுதியிருக்கிறார்; அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கட்டுரைக்கு மேலே தங்கள் குழு சேர்த்திருந்த அறிமுகக் குறிப்பு, வெயிலைத் தவிர வேறு பருவம் அறியாத தமிழகப் பிள்ளைகளுக்கு இது புது உலகம் என்கிறது. அந்த ஒரு வரி என் மனதைப் புண்படுத்திவிட்டது.

குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்துடன் இணைந்தது தாங்கள் அறியாததல்ல. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் எங்களுக்கு உண்டு என்பதும் தங்களுக்குத் தெரியும். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போதே இங்கே மழையும் வந்துவிடும். புதுப் புத்தகம் முதல் வாரத்திலேயே நனைந்து உப்பிப்போகும். குடைக்கு வழியில்லாத நாங்கள் சேம்பிலையையும் வாழையிலையையும் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு போவோம். ஓட்டுக்கூரையில் மழை அறைந்தால் சார் பேசுவது முன்பெஞ்சுக்கே கேட்காது. பாடத்தை நிறுத்திவிட்டுப் பலகையில் கணக்கு எழுதிப் போடுவார். பேச்சிப்பாறை அணையில் உபரி நீர் திறந்தால் குழித்துறை சப்பாத்து, அதாவது ஆற்றின் தரைப்பாலம், மூழ்கிவிடும். அக்கரைப் பிள்ளைகள் பெரிய பாலம் சுற்றித்தான் வீடு போய்ச் சேர வேண்டும்.

மழை விடுமுறை எங்களுக்கு விளையாட்டு நாளும் அல்ல. என் அப்பா ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி. மரம் நனைந்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லாவிட்டால் கூலி இல்லை. அன்றைக்குப் பள்ளியும் மூடினால் மதிய உணவும் போயிற்று. அவித்த மரச்சீனிக் கிழங்கை எங்களுக்குப் பகிர்ந்துவிட்டு, பசியில்லை என்று அம்மா எழுந்து போவார். விடுமுறை என்றால் கொண்டாட்டம் என்று எழுதுபவர்கள் இதையும் ஒருநாள் எழுத வேண்டும்.

இந்த வருத்தம் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வந்ததல்ல. சென்னைத் தெருவில் முழங்காலளவு தண்ணீர் நின்றால் அது முதல் பக்கச் செய்தி. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயலில் எங்கள் வாழையும் ரப்பரும் சாய்ந்தன. கடலுக்குப் போன எத்தனையோ பேர் கரை திரும்பவில்லை. நாட்கணக்கில் மின்சாரமின்றி இருட்டில் கிடந்த எங்களை, வெளியூர் உறவினர்கள் அங்கே என்ன பெரிய மழையா என்று கேட்டார்கள். அவர்கள் படிப்பதும் தங்கள் நாளிதழைத்தான். ஜூன், ஜூலையில் தங்கள் வானிலைப் பத்தியில் மதுரை, வேலூர் வெயில் அளவு தவறாமல் வருகிறது. பேச்சிப்பாறை மழை அளவுக்கு மட்டும் அதில் இடமில்லை.

அந்தக் குறிப்புக்கு ஒரு திருத்தம் வெளியிடுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை பேச்சிப்பாறை, பெருஞ்சாணி மழை அளவை மாவட்டப் பக்கத்தோடு நிறுத்தாமல் எல்லாப் பதிப்புகளிலும் சேருங்கள். ஒரு வரி இடம் போதும்.

இப்படிக்கு,
நீண்டகால வாசகர்,
குழித்துறை, குமரி மாவட்டம்.