மகப்பேறு நிதியுதவியின் வயது நிபந்தனையை நீக்குங்கள்: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு அரசு மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத் துறையினருக்கு,

வணக்கம்.

2019-21 ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவமனைகளிலும் சுகாதார நிலையங்களிலும் நடக்கின்றன. இருபத்து நான்கு மணி நேர ஆரம்ப சுகாதார நிலையங்களும் கிராம சுகாதார செவிலியர்களும் பல்லாண்டு உழைப்பில் எட்டிய நிலை இது. ஆயினும், வலி எடுத்த பிறகு மருத்துவமனைக்குப் போக வீடே திரண்டு வண்டி பிடிக்கும். நாள் தள்ளிப்போன உடனே செவிலியரிடம் சென்று பதிந்துகொள்வதற்கோ அந்தப் பெண்ணுக்கே வீட்டில் சொல் செல்லுபடியாக வேண்டும். இரத்தசோகையையும் இரத்த அழுத்தத்தையும் கண்டுபிடிப்பது இந்தத் தொடக்க மாதப் பரிசோதனைகள்தாம். கர்ப்பிணிகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு, அதாவது 48.3 விழுக்காட்டினருக்கு, இரத்தசோகை உள்ளது என்று அதே ஆய்வு கூறுகிறது.

வீட்டில் மிகக் குறைந்த சொல்லுரிமை உடையவள் பதினேழு, பதினெட்டு வயதில் மணமாகிப் போன பெண். 20 முதல் 24 வயதுக்குட்பட்ட பெண்களில் 12.8 விழுக்காட்டினர் பதினெட்டு வயதுக்கு முன்பே மணமானவர்கள். ஆட்டோக் கட்டணத்துக்கும் மாமியாரிடம் கேட்க வேண்டிய நிலையில் இருக்கும் இந்த இளம்பெண்களுக்குத்தான் இரத்தசோகை, பேறுகால வலிப்பு, எடை குறைந்த குழந்தை ஆகிய ஆபத்துகளும் கூடுதல். ஆனால் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் 18,000 ரூபாய் உதவியைப் பெற, தாய்க்குப் பத்தொன்பது வயது நிரம்பியிருக்க வேண்டும். அதுவும் முதல் இரண்டு பிரசவங்களுக்கு மட்டும்தான். பெண்களின் மருத்துவத்துக்கும் உரிமைக்கும் வாழ்நாளைக் கொடுத்த ஒருவரின் பெயரால் நடக்கும் திட்டம், யாருக்கு அந்தப் பணம் மிகவும் தேவையோ அவளையே வாசலில் நிறுத்திவிடுகிறது.

நிபந்தனையைத் தளர்த்தினால் இளவயதுத் திருமணத்துக்கும் கூடுதல் பிள்ளைப்பேற்றுக்கும் ஊக்கம் கொடுத்ததாகிவிடும் என்று நீங்கள் கருதலாம். ஆனால் எப்போது திருமணம் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது பெற்றோரும் உற்றாரும். ஆண் வாரிசு வேண்டும் என்று மூன்றாவது பிள்ளையை எதிர்பார்ப்பதும் பல வீடுகளில் அவள் மட்டும் எடுக்கும் முடிவன்று. முடிவெடுத்தவர்கள் எதையும் இழப்பதில்லை. இழப்பது அவளும் அவள் வயிற்றுப் பிள்ளையும்தான். மத்திய அரசின் மகப்பேறு உதவித் திட்டமான ஜனனி சுரக்ஷாவில் வயது, பிள்ளைகளின் எண்ணிக்கை ஆகிய நிபந்தனைகள் 2013 ஆம் ஆண்டிலேயே கைவிடப்பட்டன. அதே வழியில் தமிழ்நாடும் செல்லத் தடையேதும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

பணத்தைவிடக் கடினமான தடை ஒன்றும் உண்டு. பதினெட்டு வயது நிரம்பாத பெண் கருவுற்றிருப்பது தெரியவந்தால் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டத்தின் 19 ஆம் பிரிவு விதிக்கும் கடமை. அந்தச் சட்டத்தை நான் எதிர்க்கவில்லை. ஆனால் வழக்குக்கு அஞ்சும் குடும்பம் அவளைச் செவிலியர் கண்ணில் படாமல் மறைத்து வைக்கிறது. பரிசோதனையும் இரும்புச்சத்து மாத்திரையும் இல்லாமலே மாதங்கள் கழிகின்றன. கருக்கலைப்பு நாடிவரும் சிறுமியும் அவளுடைய காப்பாளரும் கேட்டுக்கொண்டால், காவல்துறைக்குத் தரும் தகவலில் மருத்துவர் அவளது அடையாளத்தை வெளியிட வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரில் தெளிவுபடுத்தியது. பிள்ளையைப் பெற்றெடுக்க நினைக்கும் சிறுமிக்கும் அந்தப் பாதுகாப்பு வேண்டும். அதற்கான சட்ட வழியைத் துறை ஆராய்ந்து மத்திய அரசிடம் வலியுறுத்த வேண்டுகிறேன்.

நிதியுதவியின் தவணைகள் அவளே இயக்கும் வங்கிக் கணக்குக்குச் செல்கின்றனவா என்பதையும் கள அளவில் சரிபார்க்கச் சொல்லுங்கள். கணக்கு அவள் பெயரில் இருந்து, அதனோடு இணைந்த கைப்பேசி எண் கணவருடையதாக இருந்தால், பணம் வந்த செய்தியே அவளுக்குத் தெரியாமல் போகக்கூடும். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு சென்ற பெண்களிடம் இதைக் குறிப்பாக விசாரிக்க வேண்டும்.

வயது, பிள்ளைகளின் எண்ணிக்கை ஆகிய இரு நிபந்தனைகளையும் நீக்கும் அரசாணையை விரைவில் வெளியிடுமாறும், அதை எல்லா ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் எழுதி ஒட்டச் செய்யுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தமிழ்நாட்டுக் குடிமகள் ஒருத்தி