மழைக்கு முன்பே மருந்து வரட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வரப்போவதை வானிலை மையம் முன்கூட்டியே சொல்லிவிட்டது, ஆனாலும் சென்னையின் தாழ்வான பகுதிகளில் ஜனங்கள் நாள்கணக்கில் வெள்ளத்துக்குள் கிடந்தார்கள், எண்ணூரில் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் வீடுகளுக்குள் வந்தது. படகும் சாப்பாட்டுப் பொட்டலமும் அப்புறம் வந்தன, சரி. இன்சுலின் தீர்ந்தவருக்கும் டயாலிசிஸ் தவறினால் உயிருக்கே ஆபத்து என்றிருப்பவருக்கும் அது போதுமா?

வீட்டுக்கே வந்து மருந்து கொடுக்க அரசு 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தால் யாருக்குச் சர்க்கரை, யாருக்கு ரத்த அழுத்தம், எந்தத் தெரு என்ற பட்டியல் ஏற்கெனவே கையில் இருக்கிறது. புயல் எச்சரிக்கை வந்த அன்றே அவர்களுக்குக் கூடுதல் மருந்தைக் கொடுத்துவிடலாமே! டயாலிசிஸை ஒருநாள் முன்னதாகச் செய்யலாம், நிறைமாதக் கர்ப்பிணிகளை மழைக்கு முன்பே மருத்துவமனையில் சேர்க்கலாம். தண்ணீர் வடிந்ததும் வயிற்றுப்போக்கும் எலிக்காய்ச்சலும் வரும் என்பது தெரிந்ததுதான், குளோரின் மாத்திரை அதற்கு முன்பே வீட்டில் இருக்க வேண்டும், முக்கியமாக மீனவர் குப்பங்களிலும் கால்வாய்க் கரைகளிலும்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். செப்டம்பருக்குள் வார்டு வாரியாக இந்தப் பட்டியலைச் சரிபார்க்க மாநகராட்சி உத்தரவிட வேண்டும்.

– வாசகர், வடசென்னை