சிரிப்புப் படத்தில் ஏன் ஒரு சாவு? அக்காவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

"சிரிப்புப் படம் என்றுதானே பார்க்கச் சொன்னாய், கடைசியில் அந்தப் பையனைச் சாகடித்துவிட்டார்களே" என்று நேற்றிரவு நீங்கள் கேட்டபோது, எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. இத்தாலிய இயக்குநர் தீனோ ரீஸி 1962இல் எடுத்த 'இல் சொர்பாஸோ'வை முதன்முறை பார்த்த இரவு நானும் தூக்கமில்லாமல்தான் கிடந்தேன். ஆகஸ்ட் 15 விடுமுறையில் ஆளரவமற்றுக் கிடக்கும் ரோமில் தற்செயலாகச் சந்தித்து, லான்ச்சியா காரில் ஊர் சுற்றிய இருவரில் இளையவன் இறந்துபோக, விசாரிக்கும் போலீஸ்காரரிடம் அவனுடைய குடும்பப் பெயரைக்கூடச் சொல்லத் தெரியாமல் மற்றவன் நிற்கிறானே, அந்த நிமிடம்தான் எனக்கு இத்தாலிய நகைச்சுவைப் படங்களின் மேல் தீராத பிடிப்பை உண்டாக்கியது.

அந்தக் காலத்து இத்தாலிய நகைச்சுவை, துயரத்தை ஒளித்து வைத்துக்கொண்டு சிரிக்கச் சொல்வதில்லை. பியெத்ரோ ஜெர்மியின் 1961ஆம் ஆண்டுப் படத்தில் சிசிலிப் பிரபு ஒருவன் மனைவியைக் கொல்லத் திட்டமிடுகிறான். ஏனென்றால், அன்றைய இத்தாலியில் விவாகரத்துக்குச் சட்டத்தில் இடமில்லை, 'மானத்துக்காக' கொன்றவனுக்கோ தண்டனை குறைவு. விவாகரத்துச் சட்டம் 1970இல்தான் வந்தது. அந்தத் தண்டனைச் சலுகை 1981வரை நீடித்தது.

ஆனாலும் என் மனத்துக்கு மிக நெருக்கமானது மாரியோ மோனிசெல்லியின் 'ஐ சோலித்தி இஞ்ஞோத்தி' (1958). அடகுக்கடைப் பெட்டகத்தைக் கொள்ளையடிக்க, பக்கத்து வீட்டுக்குள் புகுந்து இரவெல்லாம் சுவரை இடிக்கிறார்கள் சில ஏழைகள். தூசி அடங்கிப் பார்த்தால், ஓட்டைக்கு அந்தப்புறம் இருப்பது அதே வீட்டின் சமையலறை! யாரும் யாரையும் திட்டித் தீர்ப்பதில்லை. அங்கே இருந்த கொண்டைக்கடலை போட்ட பாஸ்தாவைச் சுடவைத்து, மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பேசிக்கொண்டே சாப்பிடுகிறார்கள். பசி தெரிந்தவர்கள்தான் அந்தக் காட்சியை எழுதியிருக்க முடியும் என்று ஒவ்வொரு முறையும் எனக்குத் தோன்றும். பெட்டகத்தை உடைப்பது எப்படி என்று மொட்டைமாடியில் நடிகர் தோத்தோ பாடம் நடத்தும் அழகை நான் விவரிக்கப்போவதில்லை. நீங்களே பார்க்க வேண்டும்.

இந்தப் படத்திலும் நடுவில் ஒருவன் டிராமில் அடிபட்டுச் சாகிறான் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அதற்காகப் பாதியில் நிறுத்திவிடாதீர்கள். விடிந்த பிறகு, போலீஸ் கண்ணில் படாமலிருக்க வேலைக்குக் காத்திருக்கும் கூலியாட்களுக்குள், கும்பலில் ஒருவராக நடித்த வித்தோரியோ காஸ்மான் நுழைகிறார். கூட்டம் அவரை வாயிலுக்கு உள்ளே தள்ளிக்கொண்டு போய்விடுகிறது. படம் முழுக்க எதையாவது தின்றுகொண்டே வந்த கிழவர் வெளியே நின்று, அங்கே போனால் வேலை செய்யச் சொல்வார்களே என்று பதறிப்போய்க் கத்துகிறார். அந்தக் கிழவரின் முகத்தை மட்டும் நன்றாகக் கவனியுங்கள், அக்கா.

அன்புடன்,
உங்கள் தம்பி