ஃபிரிட்ஜில் ரேட் கார்டு ஒட்டியவள், தெருப் பெற்றோருக்கு எழுதுவது

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் தெருவில் பிள்ளை வளர்க்கும் எல்லா அண்ணன், அக்காக்களுக்கும் வணக்கம்.

போன கோடை விடுமுறையில் உங்கள் வீட்டுப் பிள்ளைகள் திடீரென்று "தட்டு கழுவினா எவ்ளோ தருவே?" என்று கேட்க ஆரம்பித்தார்களே, அந்த வியாதி என் வீட்டிலிருந்துதான் பரவியது. ஒத்துக்கொள்கிறேன். ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தேன்: தட்டு எடுத்து வைக்க 2 ரூபாய், மாடியில் காயும் துணியை எடுத்துவர 5, வடாம் பக்கத்தில் உட்கார்ந்து காக்கா விரட்ட மணிக்கு 10. நம்ம ஊர் வெயிலில் மாடியில் ஒரு மணி நேரம் உட்காருவதற்கு அது குறைவு என்றுதான் இப்போதும் நினைக்கிறேன், சரி, அது வேறு கதை.

மூன்று வாரம் நன்றாகத்தான் ஓடியது. ஒருநாள் முட்டிவலியோடு படுத்திருந்த அம்மா, என் மகனிடம் ஒரு சொம்பு வெந்நீர் கேட்டார். ஏழு வயதுப் பையன், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல், "எவ்ளோ பாட்டி?" என்றான். "இன்னாடா, வெந்நீருக்குத் துட்டா?" என்று முதலில் அம்மா சிரித்தார். அப்புறம் சாயங்காலம் வரை பேசவில்லை.

அம்மா குடியாத்தத்துக்காரர். பத்து வயதில் திண்ணையில் உட்கார்ந்து, பெரியவர்கள் சுற்றிப் போடுகிற பீடிக்கு முனை மடக்கியவர். கட்டைவிரல் நகத்தின் ஓரம் இன்றைக்கும் தேய்ந்துதான் இருக்கிறது. வாரக் கடைசியில் தாத்தா கணக்கு முடித்துப் பணம் வாங்கி வருவாராம். "அதுல என் துட்டு எவ்ளோன்னு எனக்குத் தெரியவே தெரியாது" என்றார் அன்று ராத்திரி. குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் 1986-இல் வந்து பீடி வேலையில் பிள்ளைகளை வைக்கக் கூடாது என்றபோதும், வீட்டிலேயே குடும்பத்தோடு சுற்றுவதை அது தொடவில்லை. இப்படி ஒரு வீட்டில் வளர்ந்தவர் முன்னால், என் பையன் வெந்நீருக்கு விலை கேட்டிருக்கிறான். கேட்கச் சொல்லிக் கொடுத்தது நான்.

தாளைக் கிழித்தேன். கிழிக்கும்போதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. துணி எடுப்பதும் தட்டு எடுப்பதும் என் மகள் அதற்கு முன் இரண்டு வருஷமாகச் சும்மா செய்துகொண்டிருந்த வேலை. தம்பி செய்ய ஆரம்பித்த பிறகுதான் அதற்கெல்லாம் காசு வந்திருக்கிறது. உங்கள் வீட்டிலும் கொஞ்சம் பாருங்களேன், பால் வாங்கி வருகிற பையனுக்கு மீதிச் சில்லறை, வாசல் பெருக்கிக் கோலம் போடுகிற பெண்ணுக்கு "சமத்து" என்று ஒரு வார்த்தை.

இப்போது எங்கள் வீட்டு ஏற்பாடு இது. சாப்பிட்ட தட்டு, அவரவர் துணி, தண்ணீர் பாட்டில், பாட்டிக்கு வெந்நீர், இதற்கெல்லாம் பைசா கிடையாது, இரண்டு பேருக்கும்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் மகளுக்கு 50, மகனுக்கு 30. வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் உண்டு, கோபத்தில் பிடித்துக்கொள்வதும் இல்லை. கூடுதலாக வேண்டுமென்றால் பழைய பேப்பரைக் கட்டி, எடைக்குப் போட்டு, வந்த காசை எடுத்துக்கொள்ளலாம். கடைக்காரரிடம் பேரம் பேசுவதும் அவர்கள்தான். நான் ஸ்கூட்டரிலேயே உட்கார்ந்திருப்பேன்.

காசை நாணயமாகவே கொடுக்கிறேன். போனைக் காட்டினால் பொருள் வருகிறது என்று மட்டும் தெரிந்த பிள்ளைக்கு, பத்து ரூபாய் கையை விட்டுப் போகிறபோது எப்படியிருக்கும் என்பது தெரிய வேண்டாமா? (முனைக்கடை அண்ணனுக்கு ஒரு வார்த்தை: பத்து ரூபாய் நாணயம் அதுவரை வந்த 14 வடிவமும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018-லேயே சொல்லிவிட்டது. பிள்ளையைத் திருப்பி அனுப்பாதீர்கள்.)

வைகாசி முதல் தேதி குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குப் போனபோது, மகன் இரண்டு மாதம் சேர்த்ததை மொத்தமாகக் கொடுத்து சோப்பு நுரை விடுகிற துப்பாக்கி ஒன்று வாங்கினான். வீடு வந்து சேர்வதற்குள் விசை உடைந்துவிட்டது. பஸ்ஸில் விசும்பிக்கொண்டே அதைக் குலுக்கிக் குலுக்கிப் பார்த்தான். வேறு வாங்கித் தரேன் என்று என் வாய் வரை வந்தது. அம்மா என் கையை அழுத்தினார், நான் சொல்லவில்லை.

உங்களிடம் நான் கேட்பது இரண்டே இரண்டு. என் பிள்ளைகள் உங்கள் வீட்டில் தட்டு எடுத்து வைத்தால் காசு கொடுக்காதீர்கள். அப்புறம், ஊரிலிருந்து வரும் மாமாவோ அத்தையோ கிளம்பும்போது பிள்ளை கையில் திணிக்கிற நூறையும் ஐநூறையும் "அம்மா பத்திரமா வெச்சிருக்கேன்" என்று வாங்கி மளிகைக்குச் செலவழிக்கிறோமே, அதை விட்டுவிடுவோம். நானும் செய்தவள்தான். தபால் அலுவலகத்தில் 10 வயது முடிந்த பிள்ளை தன் பெயரில் கணக்குத் தொடங்கித் தானே நடத்தலாம், 500 ரூபாய் இருந்தால் போதும், வட்டி 4 சதவீதம். என் மகள் தொடங்கிவிட்டாள். பாஸ்புக்கைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்குகிறாள், என்னிடம் காட்டுவதில்லை.

இப்படிக்கு,
மூன்றாவது வீட்டுக்காரி

பி.கு.: எதிர் வீட்டுத் தம்பி என் மகளிடம் பம்பரம் வாங்க 40 ரூபாய் கைமாற்று வாங்கியிருக்கிறான். வாரம் 5 ரூபாய் வட்டி என்று நோட்டில் எழுதி வைத்திருந்தாள். வட்டியை அடித்துவிட்டேன். அசலை மட்டும் அவனையே கொண்டுவந்து கொடுக்கச் சொல்லுங்கள், அக்கா.