பணம் இல்லாவிட்டால் பரவாயில்லை, மண்டபத்தைத் தாருங்கள்

யாழ்ப்பாண மாநகர சபைக்கும், திருவள்ளுவர் கலாசார மையத்தின் நிர்வாகத்தினருக்கும், வடக்கு மாகாணப் பண்பாட்டு அலுவலர்களுக்கும் வணக்கம்.

யாழ்ப்பாணச் சர்வதேசத் திரைப்பட விழா 2015இல் தொடங்கியது. வெளிநாட்டுப் படங்களையும் அவற்றை எடுத்தவர்களையும் இந்த ஊருக்குக் கொண்டு வருவதற்கு என்ன பாடு பட வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

இங்கே கிடைக்கிற அனுசரணை ரூபாயில் வரும். விமான டிக்கெட்டும் திரையிடல் கட்டணமும் பெரும்பாலும் டொலரிலோ யூரோவிலோ போகும். நாட்டில் பொருளாதார நெருக்கடி வந்த 2022இல், மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாய் அளவில் இருந்தது, மே மாதம் 360ஐத் தொட்டது. ஆயிரம் டொலர் டிக்கெட்டுக்கு 2 லட்சம் என்று கணக்கெழுதியவர் இரண்டே மாதத்தில் 3 லட்சத்து 60 ஆயிரம் தேட வேண்டும். அனுசரணை தருவதாகச் சொன்ன கடைக்காரரும் அதற்குள் கையை விரித்திருப்பார். அவரையும் குறை சொல்ல முடியாது.

அப்புறம் மின்சாரம். அந்த மார்ச் கடைசியில் 13 மணி நேர மின்வெட்டு இருந்தது. விளக்கு வைத்த புரொஜெக்டரில் படம் ஓடும்போது கரண்ட் போனால், விளக்கைக் குளிர்விக்கும் விசிறியும் சேர்ந்து நின்றுவிடும். விளக்கின் ஆயுள் குறையும். ஜெனரேட்டர் வந்த பிறகும் சூடு ஆறினால்தான் திரும்பப் போடலாம். அதற்குள் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள்.

அரிசி வாங்கவே வழியில்லாத நேரத்தில் விழா எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஒலிபெருக்கிக்காரர், அச்சகம், விடுதி, ஓட்டோ என்று விழாவின் ரூபாய்ச் செலவு முழுக்க இந்த ஊரிலேயே இறங்குகிறது. வெளிநாடு போக விசாவும் கிடைக்காத, டிக்கெட்டுக்கும் வழியில்லாத ஒரு பிள்ளைக்கு ஈரானிலிருந்தோ செனகலிலிருந்தோ வந்த இயக்குநரிடம் நேரில் கேள்வி கேட்க வேறு எங்கே இடம் இருக்கிறது? நெருக்கடி வரும்போது முதலில் மூடப்படும் கதவு அதுதான். அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

உங்களிடம் டொலர் இல்லை என்று தெரியும். டொலர் தேவையில்லாததைத் தாருங்கள். இந்திய உதவியில் கட்டிய திருவள்ளுவர் கலாசார மையத்தில் 600 பேர் உட்காரும் அரங்கு இருக்கிறது. விழா வாரத்துக்கு அதை வாடகையில்லாமல், ஜெனரேட்டரோடு கொடுங்கள். திகதியை ஒரு வருடம் முன்பே எழுத்தில் உறுதி செய்யுங்கள். கையில் அந்தக் கடிதம் இருந்தால் தூதரகங்களிடமும் வெளிநாட்டு நிதியங்களிடமும் தைரியமாகப் போய்க் கேட்கலாம். களியாட்ட வரி வருமென்றால் இலாபநோக்கற்ற விழாவுக்கு விலக்குத் தாருங்கள். தமிழ் உபதலைப்பு எழுதுபவர்களுக்கு மாகாண நிதியிலிருந்து கூலி கொடுங்கள். ஆங்கில உபதலைப்போடு மட்டும் ஓடும் படம் இந்த ஊரில் பலருக்கு எட்டாமலே போகிறது.

அடுத்த வருட வரவு செலவுத் திட்டத்தை முடிவு செய்யும் முன் விழா ஏற்பாட்டாளர்களை ஒருமுறை கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பார்வையாளர்