மூன்று மின்கட்டண ரசீதுகள்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பேத்தி பிறந்த சேதிக்காவது உடனே எழுதியிருக்க வேண்டும். ஆனால் பேனாவை எடுக்கும்போதெல்லாம் உன் கடைசி வரி குறுக்கே வந்து நிற்கிறது: "கடவுள் ஒன்றா பலவா என்பதிலேயே ஒத்துப்போகாதவர்கள், கார்பன் கணக்கிலா ஒத்துப்போகப் போகிறார்கள்?" கிண்டல்தான். புவி வெப்பமாவதற்கு நம்மால் என்ன செய்ய முடியும் என்று எங்கள் ஊர்க் கோயில், பள்ளிவாசல், தேவாலயக்காரர்கள் சேர்ந்து பேசும் கூட்டத்தில் ஆறு மாதமாக நானும் உட்கார்ந்திருப்பதால் கொஞ்சம் உறைத்தது.

முதல் இரண்டு கூட்டங்களும் நீ நினைக்கிற மாதிரியேதான் நடந்தன. யாருடைய பிரார்த்தனையோடு தொடங்குவது என்பதற்கே முக்கால் மணி நேரம் போனது. ஒருவர் பஞ்சபூதங்களைப் பற்றிப் பேசினார். ஒருவர் பூமி நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் என்றார். இன்னொருவர், தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவும்தான் கடவுள் ஆதாமை ஏதேனில் வைத்தார் என்று ஆதியாகமத்திலிருந்து படித்துக் காட்டினார். நல்ல பேச்சுதான். பேசிவிட்டு அவரவர் வீட்டுக்குப் போனோம்.

மூன்றாம் கூட்டத்துக்கு, பள்ளிவாசல் கணக்கைப் பார்க்கும் பெரியவர் ஒரு வருஷத்து மின்கட்டண ரசீதுகளை ரப்பர் பேண்டு போட்டுக் கொண்டுவந்து மேசையில் பரப்பிவிட்டார். அடுத்த வாரம் கோயிலிலிருந்தும் தேவாலயத்திலிருந்தும் ரசீதுகள் வந்தன. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மூன்றுக்கும் ஒரே வியாதி. ஆளில்லாத நேரத்தில் எரியும் விளக்கு, கிழட்டு மோட்டார், யாரும் அணைக்காத மின்விசிறி. பாதிரியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "இந்தப் பாவத்தில் மட்டும் நமக்குள் பேதமே இல்லை" என்றார். அன்றைக்குத்தான் அது கூட்டம் மாதிரி இருந்தது. தொழுகைக்கு முன் கை, கால், முகம் கழுவி ஒளுச் செய்யும் தண்ணீரைச் சாக்கடைக்கு விடாமல் மரங்களுக்குத் திருப்பலாம் என்று பேச்சு வந்ததும், குழாய் பதிக்க வந்து நின்றவர் கோயில் தரப்பு ஆள்.

அப்புறம்தான் பழைய கதைகளைத் தேடிப் படித்தேன். 1986-இல், உலக வனவிலங்கு நிதியத்தின் 25-ஆம் ஆண்டையொட்டி, இத்தாலியின் அசிசி நகரில் பௌத்த, கிறிஸ்தவ, இந்து, இஸ்லாமிய, யூதத் தலைவர்கள் இயற்கையைக் காப்பது பற்றிப் பேசக் கூடினார்கள். எனக்குப் பிடித்தது என்னவென்றால், எல்லாருக்கும் பொதுவாக ஓர் அறிக்கை எழுத அவர்கள் மல்லுக்கட்டவில்லை. ஒவ்வொரு மதமும் தன் வேதத்திலிருந்து, தன் பாஷையில், தனித்தனியாக எழுதியது. 2015-லும் இதே கதைதான். ஜூனில் சுற்றுச்சூழல் பற்றிப் போப் பிரான்சிஸின் சுற்றுமடல், ஆகஸ்டில் இஸ்தான்புல்லில் பருவநிலை பற்றி இஸ்லாமியப் பிரகடனம், பிறகு பௌத்தர்கள், இந்துக்கள் என்று வரிசையாக வந்தன. டிசம்பரில் நாடுகளுக்கிடையே பாரிஸ் பருவநிலை ஒப்பந்தம். ஆக, ஏன் என்பதில் ஒத்துப்போக வேண்டியதே இல்லை, என்ன செய்வது என்பதில் ஒத்துப்போனால் போதும் என்று எனக்குப் படுகிறது. உன் கேள்விக்கு இவ்வளவுதான் என் பதில்.

அறிக்கை என்றாலே கொட்டாவி விடுகிறவன் நான் என்பது உனக்குத் தெரியும். காசில் கை வைத்தால்தான் நம்புவேன். உலகத் திருச்சபைகள் மன்றம் 2014-இல் நிலக்கரி, எண்ணெய் நிறுவனங்களில் முதலீடு செய்வதில்லை என்று முடிவெடுத்தது. அதைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

இந்தோனேசியாவில், ஜகார்த்தாவின் இஸ்திக்லால் பள்ளிவாசலைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவ்வளவு பெரிய பள்ளிவாசலை வடிவமைத்த சிலாபன் ஒரு கிறிஸ்தவர். சாலைக்கு எதிர்ப்புறம் கத்தோலிக்கப் பேராலயம். விசேஷ நாட்களில் ஒருவருக்கொருவர் வண்டி நிறுத்த இடம் கொடுத்துக்கொள்வார்கள். அண்மையில் பள்ளிவாசலைப் புதுப்பித்தபோது கூரையில் 500-க்கு மேற்பட்ட சூரியத் தகடுகள் ஏறின. தண்ணீர் மெல்ல வரும் குழாய்களும் ஒளுத் தண்ணீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் ஏற்பாடும் வந்தன. 2024 செப்டம்பரில் போப் பிரான்சிஸ் அங்கே போய், தலைமை இமாமுடன் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார். எனக்கென்னவோ அந்தக் கையெழுத்தைவிட அந்தக் குழாய்தான் பெரிசு.

சரி, எங்கள் கதை இதோடு சுபமாக முடிந்துவிட்டது என்று நினைக்காதே. போன மாதம் திருவிழா அலங்கார விளக்குகளைக் குறைப்பது பற்றிப் பேச்செடுத்தேன். "முதலில் அவர்கள் குறைக்கட்டும்." "நாங்கள் சின்ன இடம், பெரிய இடத்துக்காரர்கள் தொடங்கட்டும்." 1992-இல் ரியோவில் பருவநிலை ஒப்பந்தம் போட்டதிலிருந்து நாடுகள் அடித்துக்கொள்கிற அதே சண்டை, எங்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளில்! சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அந்த விஷயம் அப்படியே தொங்குகிறது.

எங்கள் கூரைகளில் சூரியத் தகடுகள் போடுவதற்கு மட்டும் மூவரும் சரி என்றுவிட்டார்கள். அதில்தான் உன் உதவி வேண்டும். மின்சாரத்திலேயே முப்பது வருஷம் கிடந்தவன் நீ. பள்ளிவாசல் கூரையில் மூன்று மணிக்கு மேல் மினாராவின் நிழல் விழுகிறது. தொடராக இணைத்த தகடுகளில் ஒன்றில் நிழல் பட்டாலும் வரிசை முழுவதன் மின் உற்பத்தியையும் கீழே இழுத்துவிடலாம் என்று நீதானே ஒருமுறை சொன்னாய்? தேவாலயக் கூரை ரொம்பச் செங்குத்து. கோயிலில் ஒரு பெரிய மரம் பாதிக் கூரையை மூடியிருக்கிறது. அதை வெட்டலாம் என்று தகடு விற்க வந்தவர் சொன்னதும் மூன்று தரப்பும் ஒரே குரலில் "கூடாது" என்றார்களே, அந்த ஒற்றுமையை நீ பார்த்திருக்க வேண்டும்.

மூன்று கூரைகளின் அளவும், மணிவாரியாக நிழல் விழும் படமும் இத்துடன் வைத்திருக்கிறேன். மரத்தை வெட்டாமல் அப்படியே விட்டுக் கணக்குப் போட்டு அனுப்பு. பேத்திக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்று எழுதவே இல்லையே நீ.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்