யோகாவைப் பேச்சுவார்த்தை அறைக்கும் கொண்டு வாருங்கள்

ஐ.நா. அமைதிக் கட்டமைப்பு ஆணையத்தின் உறுப்பு நாடுகளுக்கு,

வணக்கம். ஜூன் 21ஐச் சர்வதேச யோகா தினமாக ஐ.நா. பொதுச்சபை அறிவித்தது 2014 டிசம்பரில். அன்றிலிருந்து ஆண்டுதோறும் மைதானங்கள் நிறைகின்றன. மகிழ்ச்சிதான். ஆனால் யோகாவுக்கு அதிக வேலை இருப்பது, சண்டையை நிறுத்துவதற்காக இரு தரப்பும் எதிரெதிரே உட்காரும் அறையில்.

போரிலிருந்து மீண்ட நாடுகள் மறுபடி அதற்குள் விழக் கூடாது என்றுதான் 2005இல் உங்கள் ஆணையம் பிறந்தது. நிலம், அதிகாரம், அநீதி என்று மோதலுக்குப் பல வேர்கள். மூச்சுப்பயிற்சி அவற்றை அறுக்காது. காணாமல் போன பிள்ளையைத் தேடும் தாயிடம் கண்ணை மூடி அமைதியாக இருங்கள் என்பது கொடுமை. நீதி கேட்பவர் கையில் யாரும் யோகாவைத் திணிக்க வேண்டாம்.

நான் கேட்பது வேறு. பயமும் கோபமும் தலைக்கேறினால் இதயம் படபடக்கும், மூச்சு மேலோட்டமாகிவிடும். எதிரில் இருப்பவர் சொல்வது காதில் விழும், மனசுக்குள் போகாது. மூச்சை நிதானமாக, இழுத்ததைவிட நீளமாக வெளியே விட்டால் மூளையிலிருந்து இதயத்துக்குப் போகும் வேகஸ் நரம்பின் வழியே துடிப்பு தணிகிறது. இதற்கு மதம் வேண்டாம், விரிப்புகூட வேண்டாம். பேச்சு முட்டிக்கொண்டு நிற்கும்போது இடைவேளை விடுகிறார்கள் அல்லவா? அதில் ஐந்து நிமிடத்தை, விருப்பமுள்ளவர்களுக்கு மட்டும், இதற்குக் கொடுக்கச் சொல்லுங்கள். முதலில் மத்தியஸ்தர்களுக்குக் கற்றுக்கொடுங்கள். இரு பக்கத்துக் கோபமும் வந்து விழுவது அவர்கள் மீதுதான்.

யோக சூத்திரம் தந்த பதஞ்சலி, ஆசனத்துக்கு முன்பே இயமம் என்ற ஒழுக்க நெறியை வைத்தார். அதன் ஐந்து ஒழுக்கங்களில் முதலாவது அகிம்சை. ஒருவர் அதில் உறுதியாக நிலைத்துவிட்டால் அவர் அருகே பகை விலகும் என்கிறார். கொல்லாமை, வாய்மை, கள்ளாமை, தேவைக்கு மேல் பற்றாமை என்று அந்த ஐந்தில் நான்கை எடுத்துப் பாருங்கள். எந்த அமைதி ஒப்பந்தமும் இவற்றைத்தானே கேட்கிறது! உடலை வளைக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டு இதை விட்டுவிட்டால் பாதிக்கு மேல் போய்விடும்.

அப்புறம், அகதி முகாம்களில் யோகா கற்றுக்கொடுப்பது. வன்முறையைப் பார்த்தவர்களுக்குக் கண்ணை மூடுவதே பயமாக இருக்கலாம், பின்னால் ஒருவர் வந்து நிற்பதும் அப்படியே. அவர்களைக் கேட்காமல் தொடக் கூடாது. வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். வெளியாட்களை இறக்குவதைவிட, முகாமில் இருப்பவர்களிலேயே சிலரை, எல்லாச் சமூகங்களிலிருந்தும், பயிற்றுநர்களாக உருவாக்குங்கள். அதற்கான செலவை, நீங்கள் ஆதரிக்கும் அடுத்த அமைதித் திட்டத்திலேயே சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஒரு யோகா ஆசிரியர்